அடிவாங்கியின் புதிய பதிவு

மிஸ்டு கால் வந்ததும் அமுக்க வேண்டும், அவ்வளவுதான், வேறு எதையும் தொடக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "பொத்தான் இங்கன இருக்கு பாத்துக்கோ, நீலமா. மவுசை இது மேல கொண்டுவந்து ஒரு தட்டு. ரெண்டு தட்டு தட்டிராத, ரெண்டு பதிவாப் போயிரும், மானம் போயிரும். வேற எதையும் தொடாதட்டி, சரியா?" சரி என்றேன். தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, செல்போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் குற்றாலம் அருவி விழுந்தபடியே நிற்கிறது. அதன் வலது ஓரத்தில் மூன்று சின்னப் பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறார். ஒன்று கடிகாரம். ஒன்று வானிலை, ஆதம்பாக்கத்தில் வெயில் அடிக்கிறது என்று சொல்ல ஒரு பெட்டி வேண்டுமாக்கும். மூன்றாவதுதான் இது. உள்ளங்கை அகலம் இருக்கும். மேலே தலைப்புக்கு ஒரு கோடு, கீழே விஷயத்துக்கு ஒரு கட்டம், அடியில் நீலப் பொத்தான். இதை விட்ஜெட் என்று சொல்ல வேண்டுமாம். நான் பொட்டி என்று சொன்னதை வைத்தே ஒரு பதிவு எழுதிவிட்டார், அதற்கும் ஊர்ப்பட்ட பேர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். இன்றைய பதிவு அந்தப் பொட்டிக்குள் தயாராக உட்கார்ந்திருக்கிறது. கடற்கரையில் பதிவர் சந்திப்பு. வலைப்பதிவு எழுதுகிறவர்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து சுண்டல் தின்பார்கள். ஒருவர் லேப்டாப்பும் நெட் கார்டும் கொண்டு வருவாராம். எல்லோரும் கூடினதும் இவர் மிஸ்டு கால் கொடுப்பார், நான் அமுக்குவேன், பதிவு அந்த நிமிஷமே அங்கே போய் விழும், இவர் எழுந்து நின்று சுடச்சுட வாசிப்பார். முன்னாலேயே வெளியிட்டுவிட்டால் எல்லோரும் படித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆறின வடை எவனுக்கு வேண்டும்.

ஆபீசில் இவர் ஆவுடையப்பன், சூப்பிரண்டு. வலைப்பதிவில் அடிவாங்கி. பதிவின் பெயர் பூரிக்கட்டைப் புராணம். பெண்டாட்டியிடம் அடி வாங்கும் அப்பாவிப் புருஷன், அதுதான் சரக்கு, வேறு சரக்கு கிடையாது. இந்த ஆண்களுக்குள் இது ஒரு வழக்கம், கட்டின பெண்டாட்டியைப் பேர் சொல்லி எழுத மாட்டார்கள். ஒருவர் ஹோம் மினிஸ்டர் என்பார், ஒருவர் வீட்டு அம்மணி என்பார், இவருக்கு நான் மேலிடம். மேலிடத்து உத்தரவு. மேலிடத்து மூடு சரியில்லை. மேலிடம் வைத்த சாம்பாரில் விழுந்த ஈ, 'இது தற்கொலைதான்' என்று எழுதி வைத்துவிட்டுச் செத்தது. என் பேர் சங்கரவடிவு. அது ஒரு பதிவில்கூட இல்லை, முதல் பதிவிலிருந்து தேடிப் பார்த்தாகிவிட்டது. நான் வைக்கிற சாம்பாரை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போய் உட்கார்ந்து இதை எழுதுவார். அடியில் பின்னூட்டம் வந்து குவியும். ஹா ஹா ஹா. பாவம் தல நீங்க. உங்க வீட்லயுமா தல. தல, ஹெல்மெட் போட்டுக்கிட்டு சாப்பிடப் போங்க. ஹா ஹா ஹா. எனக்குக் காதில் விழுவதெல்லாம் அந்த ஹா ஹாதான். பால் காய்ச்சும்போது, துணி மடிக்கும்போது, அவர் என் மேல் விழுந்து எழுந்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது, யாரோ வாசலில் கூட்டமாக நின்று சிரிக்கிற மாதிரி. பிள்ளை குட்டி இல்லாத வீடு, கம்ப்யூட்டர்தான் பிள்ளை, அது பேசுகிற மழலையெல்லாம் என்னைப் பற்றியதாக இருக்கிறது.

பொட்டிக்குள் இருப்பதைப் படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. படிப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. மவுஸ் வலது பக்கம் இருக்கிறது, என் வலது கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது, அதனால் மவுசைக் கீபோர்டுக்கு அந்தப் பக்கமிருந்து இழுத்து இடது கைக்குக் கொண்டுவந்து, மேலே தள்ளிப் படித்தேன். 'அன்பு மக்களே! உங்கள் அடிவாங்கி இதை ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, பூரி ஏன் எழவில்லை என்று மேலிடத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான் பாவி. பூரி எழவில்லை. பூரிக்கட்டை எழுந்தது.' அப்படிப் போகிறது. மணிக்கட்டு முறிந்த கதை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன கதை, டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து 'சாருக்குக் கல்யாணம் ஆகிடுச்சா' என்று கேட்ட கதை. ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. ஆட்டோ உண்மை. எக்ஸ்ரே உண்மை. அந்தக் கை மட்டும்தான் என்னுடையது. இன்றைக்குக் கிளம்பும்போது அலமாரியைத் துழாவி அந்தப் பழைய கிரேப் பேண்டேஜை எடுத்தார், மாவுக்கட்டு போடுவதற்கு முன்னால் முதல் நாள் என் கையில் சுற்றியிருந்தார்களே, அதே பேண்டேஜ். தன் வலது கையில் சுற்றிக்கொண்டார். கொக்கி மாட்ட வரவில்லை. "இந்தா, இதக் கொஞ்சம் மாட்டிவிடு" என்று என் முன்னால் கையை நீட்டினார். நான் இடது கையால் மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டேன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீசியிருக்கலாம். மாட்டேன் என்றிருக்கலாம். கொக்கி சரியாக உட்காரவில்லை என்று கழற்றி இன்னொரு தடவை வேறு மாட்டினேன், பாழாய்ப் போன பழக்கம், எதையும் அரைகுறையாகச் செய்ய வராது.

பூரி நன்றாகத்தான் எழுந்தது அன்றைக்கு. பந்து பந்தாக. எண்ணெய் சரியான காய்ச்சல். அவர் இங்கே உட்கார்ந்து பின்னூட்டம் படித்துக்கொண்டிருந்தார், யாரோ அனானி, பேர் போடாமல் எழுதுகிற அனாமத்து, 'உங்களுக்கு வேறு எதுவும் எழுத வராதா, ஒரே பூரிக்கட்டையை எத்தனை நாள் உருட்டுவீர்கள்' என்று கேட்டிருக்கிறான். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எவன்னு தெரிஞ்சா வகுந்துருவேன்" என்று கத்தினார். நான் அடுப்பங்கரையிலிருந்து, மாவு தேய்த்துக்கொண்டே, "அவன் கேக்கதும் சரிதான" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அத்தனை பேர் சிரிக்கிறார்களே, நானும் ஒரு நாள் சிரித்தால் என்ன என்று தோன்றியிருக்கும். வந்தார். நடந்துதான் வந்தார், ஓடிக்கூட வரவில்லை. என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கினார், மாவு ஒட்டியிருந்த கை மேடைமேல் அப்படியே இருந்தது, அதன்மேல் இறக்கினார். ஒரு சத்தம் கேட்டது, சின்னச் சத்தம், முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். எண்ணெயில் கிடந்த பூரி கருகிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிப் போட வேண்டுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு அவர்தான் அடுப்பை அணைத்தார், அவர்தான் ஆட்டோ பிடித்தார், டாக்டரிடம் அவர்தான் சொன்னார், "பாத்ரூம்ல வழுக்கிட்டா சார், சொன்னா கேக்க மாட்டா, சோப்புத் தண்ணிய அப்படியே விட்ருவா." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன், முடிந்தது. கட்டுக்குள் இப்போது அரிக்கிறது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுச் சொறிகிறேன், அரிக்கிற இடம் எப்போதும் குச்சி எட்டுகிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளியே இருக்கிறது. வெந்த மாவு மாதிரி ஒரு வாடை. இதற்கு முன்னால் உடைந்ததில்லை. வீங்கியிருக்கிறது, கன்றியிருக்கிறது, காதுக்குள் இரண்டு நாள் ரீங்காரம் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பதிவாக வந்திருக்கிறது, வாங்கினது அவராக.

அம்மா இருந்தபோது சொன்னேன், கல்யாணமான முதல் வருஷம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள். அணைக்கிற கைக்கு எதற்கு அம்மா அடிக்கிற வேலை என்று கேட்கத் தெரியவில்லை அப்போது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எனக்கென்று இருப்பது குத்தாலம் ஒருத்தன், என் தம்பி, தோஹாவில் இருக்கிறான். நான் தூக்கி வளர்த்தவன், அக்கா ஊட்டினால்தான் வாய் திறப்பான், அக்காவை வகுப்பில் ஒருத்தி சீண்டினாள் என்று அவள் வீட்டு வாசலில் போய்க் கல்லெறிந்தவன். அவன் இப்போது அத்தானுடைய பரம ரசிகன். முதல் பின்னூட்டம் போடுகிறவர்கள் 'மீ த பர்ஸ்ட்டு' என்று போட வேண்டுமாம், அதில் அவனுக்கு அப்படியொரு போட்டி. போன வருஷம் ஒரு நாள் துணிந்து போனில் சொல்ல ஆரம்பித்தேன், அத்தான் கை ரொம்ப நீளுதுடா என்று. கடகடவென்று சிரித்தான். "எக்கா, யாரு கை நீளுதுன்னு உலகத்துக்கே தெரியும், எங்க அத்தானப் போட்டு இந்த அடி அடிக்கியே, பாவம்லா." இந்தத் தடவை கை உடைந்த மூன்றாம் நாள் பேசினான். "பாத்ரூம்ல வழுக்கிட்டாமே, அத்தான் சொன்னாங்க, பாத்து நடக்கப்படாதா." வாய் வரைக்கும் வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆமாடா, வழுக்கிட்டு என்றேன். ஆனால் குத்தாலம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். 'எக்கா, நெசமாவே என்ன நடந்துச்சு' என்று ஒரு வார்த்தை, நம்பிக் கேட்டால் போதும், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்வேன், டிக்கெட் போட்டு வந்து கூட்டிக்கொண்டு போடா என்றுகூடச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து எப்படி வரவழைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பேசாமல் நீலப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் பாத்திரத்தைக் கழுவலாம். ஒற்றைக் கையால் கழுவப் பழகிவிட்டது. அமுக்கினால் இன்று பூரா ஹா ஹா. நாளைக்கு அடங்கிவிடும். இல்லாவிட்டால் இவர் எழுதினதை அழித்துவிட்டு, நான் சங்கரவடிவு பேசுகிறேன் என்று எழுதலாம். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா. போன தீபாவளிக்கு 'மேலிடம் பேசுகிறேன்' என்று நான் எழுதுகிற மாதிரி இவரே எழுதினார், நான் அவரை அடித்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி. இவர் பதிவுகளிலேயே அதற்குத்தான் கூட்டம் அதிகம். தல, பெண் குரல்ல பின்றீங்க தல. என் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் ஆடி முடித்துவிட்டார், இனி நான் வாயைத் திறந்தால் அது அவர் போடுகிற வேஷமாகத்தான் கேட்கும். அனானியாக ஒரு தடவை பின்னூட்டம் போட்டேன், 'இதெல்லாம் பொய், அடிப்பது இவர்தான்' என்று. வயிற்றெரிச்சல் கேஸ் என்று நாலு பேர் திட்டினார்கள், இவர் சாயங்காலம் வந்து அதை அழித்தார். நான் போட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கை அப்போதே போயிருக்கும். ஆக என் பேரில் சொன்னால் காமெடி, பேர் இல்லாமல் சொன்னால் வயிற்றெரிச்சல். இந்த ஊர் உலகம் ஒரே ஒருத்தன் சொன்னால்தான் நம்பும், அவன் பேர் அடிவாங்கி. அவன் எழுதினால் ஈ தற்கொலை செய்துகொண்டதைக்கூட நம்புவார்கள். இதை நினைத்த மாத்திரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன், எழுந்தால் உட்கார மாட்டேன் என்று தோன்றியது, உட்கார்ந்துவிட்டேன்.

அவரை மாதிரி எழுத வேண்டும், அதில் என்ன கஷ்டம், அத்தனையும் மனப்பாடம். அன்பு மக்களே என்பதையும் ஒற்றைக் கையால் தட்டுகிறான் என்பதையும் அப்படியே விட்டேன். பூரிக்கட்டை எழுந்தது வரைக்கும் விட்டேன். அங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரிக்கிற வாயோடு இருக்கும்போது விழ வேண்டும். அதற்குக் கீழே இருந்ததை அழித்தேன். அழிக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்ததும் ஆட்டோவும் எக்ஸ்ரேயும் டாக்டரும் பின்னோக்கி ஓடி ஒவ்வொன்றாக மறைந்தார்கள். பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவள் நான், இரண்டு கையும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், இப்போது இடது கை மட்டும் தனியாக நொண்டி அடித்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து தாவுகிறது. 'மக்களே, இதுவரைக்கும் எழுதினதெல்லாம் பொய். பூரி நன்றாகத்தான் எழுந்தது. கட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கினவன் நான். அடித்தவனும் நான். உடைந்தது அவள் வலது மணிக்கட்டு. பாத்ரூமில் வழுக்கினாள் என்று டாக்டரிடம் சொன்னவனும் நான். இது முதல் தடவை இல்லை. நான் வாங்கினதாக எழுதின அடி எல்லாம் அவள் வாங்கினது. இப்போது என் கையில் நீங்கள் பார்க்கிற கட்டும் பொய், அவள் கையிலிருந்து கழற்றினது, கொக்கியை மாட்டிவிட்டதும் அவள்தான். அவள் பேர் சங்கரவடிவு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.' கரண்ட் போனால் அவ்வளவும் போச்சு, இந்தப் பொட்டி எதையும் சேர்த்து வைக்காது. அனுப்பிவிட்டாலும் திருப்பி எடுக்க முடியாது, திருத்துவதற்கு உள்ளே போக வேண்டும், அந்தப் பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். ராத்திரி வீட்டுக்கு வருவார். வந்து கதவைச் சாத்துவார். ஆனால் ஊருக்கே தெரிந்த பிறகு கை ஓங்க யோசிப்பார், யோசிக்கத்தானே வேண்டும், நாலு பேருக்குப் பயந்தவர்தானே. குத்தாலம் படிப்பான். விழுந்தடித்துக்கொண்டு போன் போடுவான். என் பேர் எழுதின இடத்தில் கை நின்றது, எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை எடுத்தேன், மறுபடி அடித்தேன். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அதற்கே நாற்காலியில் துள்ளிவிட்டேன். பிறகு நிஜமாகவே செல்போன் அடித்தது, இரண்டு அடி, நின்றது. ஒரு தட்டுதான் தட்டினேன். கட்டம் வெளுத்துக் காலியாகி, அடியில் பச்சையாக ஒரு டிக் வந்தது.

நல்லவேளை அமுக்கினேன் என்றும் ஐயோ அமுக்கிவிட்டேனே என்றும் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரைத் திறந்து பதிவைப் பார்த்தேன். அடிவாங்கி எழுதியது என்று போட்டு, அவர் படத்தோடு, நான் அடித்தது அப்படியே இருந்தது. இந்நேரம் எழுந்து நின்றிருப்பார், தொண்டையைச் செருமியிருப்பார், அன்பு மக்களே என்று இழுத்திருப்பார். பூரிக்கட்டை எழுந்தது என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டியிருப்பார், சிரித்திருப்பார்கள். அதற்கு அடுத்த வரி. அடுத்த வரியில் என்ன செய்திருப்பார்? மூடிவைத்துவிட்டு நெட் போய்விட்டது என்றிருப்பாரா, பழசை நினைவிலிருந்து சொல்லிச் சமாளித்திருப்பாரா? முதல் பின்னூட்டம் வந்தது. மீ த பர்ஸ்ட்டு, படிச்சுட்டு வரேன். குத்தாலம் இல்லை, வேறு யாரோ. அடுத்து ஒருவர், தல, இது நிஜமா. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நிஜமா என்று ஒரு மனுஷன் கேட்டுவிட்டான், கேட்டுவிட்டான். அதற்குக் கீழே இன்னொருவர். 'தல, கண் கலங்கிவிட்டது. இதைப் பொதுவில் ஒத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும். தலை வணங்குகிறேன்.' அதற்குக் கீழே, 'ஆயிரத்தில் ஒரு ஆம்பளை சார் நீங்கள்.' அதற்குக் கீழே ஒரு பெண், 'என் கணவருக்கு இதை அனுப்பப் போகிறேன், உங்களைப் பார்த்துத் திருந்தட்டும்.' ஹா ஹா ஒன்றுகூட இல்லை. நான் கேட்டுக்கொண்டபடி ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவர் போன் பண்ணினபோது கடல் காற்று வாயில் அடிக்கிற இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "என்னட்டி பண்ணி வெச்சிருக்க" என்றார், கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்து நின்று பேசுகிற தணிந்த குரல். "பாதியில எனக்குத் தொண்டை அடைச்சிட்டு. நாக்கே எழும்பல. நான் அழுதேன்னு நெனச்சிட்டானுவ." மறுபடி காற்று. "நிறுத்த முடியல பாத்துக்கோ. எல்லாவனும் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கானுவ. கட்டு பொய்யின்னு வந்துச்சுல்லா, அந்த எடத்துல கொக்கிய எடுத்து அப்படியே கட்ட அவுத்தேன். அவுத்து மணல்ல போட்டேன். சத்தமே இல்ல. பொறவு ஒருத்தன் எந்திச்சான், எல்லாவனும் எந்திச்சு நின்னு கை தட்டுதானுவட்டி." அவர் குரலில் பயம் போய் வேறொன்று வந்துவிட்டிருந்தது, அதை எனக்குத் தெரியும், பின்னூட்டம் நூறைத் தாண்டினால் வருகிற குரல் அது. "பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்திருக்காரு, பேட்டி கேக்காரு. நீ எழுதுனன்னு யாருட்டயும் உளறிராத, என்னா? வந்து பேசிக்கிடுதேன்." யாரோ தல போட்டோவுக்கு வாங்க என்று கூப்பிட்டார்கள். "இதோ வாரேங்க" என்றார், குழைந்த, மரியாதையான, திருந்திய மனுஷனின் குரல். வைத்துவிட்டார். வந்து என்ன பேசுவார் என்று தெரியவில்லை. அடிப்பாரா தெரியவில்லை. அடித்தாலும் இனி அவர் திருந்தினவர், அடிக்கிற ஆள் இல்லை, அதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னூட்டம் வந்துகொண்டே இருந்தது. குத்தாலத்தின் பேர் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. 'அத்தான், உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? எங்க அக்கா கொடுத்து வைத்தவள்.' அதைப் படித்து முடிக்கவில்லை, போன் அடித்தது, அவனேதான். இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தேன். "எக்கா" என்றான். குரல் கம்மியிருந்தது, நிஜமாகவே அழுதிருக்கிறான். சொல்லுடா என்றேன். "அத்தான் இல்லையா? அவங்க செல்லுக்கு அடிச்சேன், பிஸியாவே இருக்கு." கடற்கரைக்குப் போயிருக்காரு என்றேன். "படிச்சேன்க்கா. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். எவ்வளவு பெரிய வார்த்த, அவ்வளவு பேரு முன்னால. நம்ம பக்கத்துல எந்த ஆம்பள சொல்லுவான் சொல்லு? ஏதோ கோவத்துல ஒரு நேரம் கை நீட்டியிருப்பாங்க. மனசுல வெச்சுக்காதக்கா." இடது கையில் போன் நழுவியது, தோளில் இடுக்கிக்கொண்டேன். "குத்தாலம்" என்றேன். "என்னக்கா?" "அது அவர் எழுதலடா. நான் எழுதினேன். இங்கன உக்காந்து, ஒத்தக் கையால, நாந்தான் எழுதினேன். வாசிக்கிற வரைக்கும் அவருக்கு இது தெரியவே தெரியாது." அப்புறம் சிரித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சின்ன வயதில் அழுது முடித்ததும் சிரிப்பானே அதே சிரிப்பு. "போக்கா. அத்தான் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்." அவனே தொடர்ந்தான். "சரி, அவங்க வந்தா நான் பேசுனேன்னு சொல்லு. வேற என்னக்கா விசேஷம்?" ஒண்ணுமில்லடா, வெச்சிரு, உனக்குக் காசு ஏறும் என்றேன்.